அதிருப்தியுற்ற வீரனும் கழகத்தின் உரிமையும்: நியூயோர்க் மெற்ஸ் – ரொம் சீவர் விவகாரம் (1977)

முன்னுரை

விளையாட்டின் வரலாறு வெற்றி தோல்விகளின் பட்டியல் மட்டுமன்று. ஒரு சமுதாயத்தில் உழைப்பு எவ்வாறு மதிக்கப்படுகின்றது, உடைமை எவ்வாறு பேணப்படுகின்றது, உழைப்பவனுக்கும் உடைமையாளனுக்குமிடையே எழும் பிணக்கு எவ்வாறு தீர்க்கப்படுகின்றது என்பனவற்றையும் அது காட்டுகின்றது. ஐக்கிய அமெரிக்காவின் பேஸ்போல் ஆட்டத்தின் வரலாறு இக்கூற்றுக்குச் சிறந்த எடுத்துக்காட்டாகும். அவ்வரலாற்றில் 1977 ஆம் ஆண்டு ஜூன் மாதம் 15 ஆம் திகதி தனியிடம் பெறுகின்றது. அன்றுதான் நியூயோர்க் மெற்ஸ் கழகம் தனது தலைசிறந்த பந்தெறிவாளரான ரொம் சீவரைச் சின்சினாற்றி றெட்ஸ் கழகத்திற்குக் கைமாற்றியது.

தன் ஊதியத்திலும் நிருவாகத்தின் போக்கிலும் அதிருப்தியுற்ற நட்சத்திர வீரர் ஒருவரைக் கழகம் கைமாற்றுவது முறையா? அன்று நியூயோர்க்கில் ஆட்ட அரங்கிலும் பத்திரிகைகளிலும் எழுந்த இவ்வினா அதன் பின்னரும் வெவ்வேறு கழகங்களில் மீண்டும் மீண்டும் எழுந்துள்ளது. கைமாற்றம் தவறாய் முடிந்தது என்று பின்னாளில் நின்று கூறுதல் எளிது. அன்றிருந்த நிலையில், அன்று தெரிந்திருந்த செய்திகளைக் கொண்டு அதனை மதிப்பிடுவதே வரலாற்று மாணவனின் கடன். அம்மதிப்பீட்டினைச் செய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

ஆட்டமும் உடைமை முறையும்

பேஸ்போல் ஆட்டத்தில் பந்தெறிவாளரின் இடம் துடுப்பாட்டத்திற் பந்துவீச்சாளரின் இடத்திலும் மேலானது. துடுப்பாட்டத்தில் ஆறு பந்துகளுக்கு ஒருமுறை பந்து கைமாறும். அக்காலப் பேஸ்போலிலோ ஆட்டத்தைத் தொடங்கும் பந்தெறிவாளர் தம் கை தாங்கும்வரை தாமே தொடர்ந்து எறிந்தார். அவர் சிறப்பாக எறியும் நாளில் எதிரணியின் வலிமை முழுவதும் பயனற்றுப் போகும். ஆனால் இதற்கு மறுபக்கமும் உண்டு. கையின் களைப்பு நீங்க வேண்டுமாதலால் நான்கு அல்லது ஐந்து நாட்களுக்கு ஒருமுறையே அவர் ஆட முடியும். அக்காலத்தில் ஒரு பருவத்தின் 162 ஆட்டங்களில் ஏறத்தாழ 35 ஆட்டங்களையே அவர் தொடங்கினார். அவற்றில் இருபதை வென்றாற் பெரும் புகழ். எனவே ஒரு பந்தெறிவாளருக்காக நான்கு வீரரைப் பெறுதல் இலாபமா நட்டமா என்ற கணக்கு இவ்வாட்டத்தில் இயல்பாகவே எழுவதொன்றாகும்.

இனி, கைமாற்றம் என்னும் வழக்கத்தை நோக்குவோம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதி தொட்டு, கழகத்துடன் ஒப்பந்தஞ் செய்த வீரர் வேறு கழகத்திற் சேர முடியாதவாறு 'தக்கவைப்பு வாசகம்' எனப்படும் விதி அவரைப் பிணித்திருந்தது. ஒப்பந்தகாலம் முடிந்ததும் கழகம் அதனை ஓராண்டுக்குப் புதுப்பிக்கலாம் என அவ்வாசகம் கூறியது. புதுப்பித்த ஒப்பந்தத்திலும் அதே வாசகம் இடம்பெறுவதால் இவ்வுரிமைக்கு முடிவே இல்லை எனக் கழக உரிமையாளர் பொருள் கொண்டனர். வீரர் விலகவியலாது, ஆனால் கழகம் அவரை விற்கலாம், மாற்றலாம், நீக்கலாம். 1922 ஆம் ஆண்டில் உயர் நீதிமன்றம் அளித்த தீர்ப்பு பேஸ்போல் ஆட்டத்தைத் தனியுரிமைத் தடைச் சட்டங்களுக்குப் புறம்பானதாக்கி இம்முறைக்கு அரண் செய்தது.

இவ்வரணை முதலில் நேர்நின்று எதிர்த்தவர்களுள் முக்கியமானவர் கேட் பிளட் என்னும் கறுப்பின வீரராவார். சென் லூயிஸ் கார்டினல்ஸ் அணிக்குப் பன்னிரண்டு ஆண்டுகள் ஆடிய அவரை 1969 ஒக்டோபரில் அக்கழகம் பிலடெல்பியாவுக்குக் கைமாற்றியது. தாம் விற்று வாங்கப்படும் உடைமையல்லர் என்ற கருத்துப்பட ஆணையாளருக்குக் கடிதமெழுதிய பிளட், கோரிக்கை மறுக்கப்பட்டதும் வழக்குத் தொடர்ந்தார். 1972 இல் உயர் நீதிமன்றம் ஐந்துக்கு மூன்று என்ற கணக்கில் அவருக்கெதிராகத் தீர்ப்பளித்தது. வழக்கில் அவர் தோற்றார். அவர் எழுப்பிய வினா தோற்கவில்லை. 1973 இல் வீரர் தொழிற்சங்கமும் உரிமையாளரும் செய்த உடன்படிக்கையின்படி, பத்தாண்டு ஆடியவரும் அவற்றுள் இறுதி ஐந்தாண்டுகளை ஒரே கழகத்திற் கழித்தவருமான வீரரை அவரது இசைவின்றிக் கைமாற்ற முடியாதென்றாயிற்று. 1975 டிசம்பர் 23 இல் நடுத்தீர்ப்பாளர் பீற்றர் சைற்ஸ், தக்கவைப்பு வாசகம் ஓராண்டுக்கு மட்டுமே செல்லுமெனத் தீர்ப்பளித்து, மெசர்ஸ்மித், மக்னலி ஆகிய இரு பந்தெறிவாளர்களையும் பிணிப்பிலிருந்து விடுவித்தார். மார்வின் மில்லர் தலைமையிலான தொழிற்சங்கம் 1976 இல் செய்த உடன்படிக்கையின்படி, ஆறாண்டு ஆடிய வீரர் ஒப்பந்தம் முடிந்ததும் தாம் விரும்பிய கழகத்துடன் பேரம் பேசும் உரிமை பெற்றார்.

ஏறத்தாழ நூறாண்டு நிலைத்திருந்த ஒரு முறை ஏழாண்டுகளுக்குள் இவ்வாறு தகர்ந்தது. சீவர் விவகாரம் இம்மாற்றத்தின் மடியிலே பிறந்ததென்பதை மனத்திற் கொள்ளாது அதனை விளங்கிக்கொள்ள முடியாது.

மெற்ஸ் கழகமும் சீவரும்

மெற்ஸ் கழகம் 1962 இல் தோன்றியது. முதலாண்டிலேயே 120 ஆட்டங்களில் தோற்று நகைப்புக்கிடமாயிற்று. ஆயினும் நியூயோர்க்கின் சாதாரண மக்கள் அத்தோல்வி அணியின்மீது ஒருவகைப் பரிவு கொண்டிருந்தனர்.

கலிபோர்ணியாவின் பிரெஸ்னோ நகரில் 1944 இல் பிறந்த சீவர் இவ்வணிக்கு வந்தது தற்செயலே. 1966 இல் அற்லான்ரா பிரேவ்ஸ் கழகம் அவருடன் ஒப்பந்தஞ் செய்தது. அவரது பல்கலைக்கழக அணியின் ஆட்டப் பருவம் அதற்குள் தொடங்கிவிட்டதால் அவ்வொப்பந்தம் விதிக்கு முரணானதென ஆணையாளர் அதனை இரத்துச் செய்தார். அற்லான்ரா அளிக்கவிருந்த தொகையைத் தர முன்வந்த மூன்று கழகங்களின் பெயர்கள் ஒரு தொப்பியிலிடப்பட்டன. திருவுளச்சீட்டில் வந்தது மெற்ஸின் பெயர்.

1967 இல் ஆட வந்த சீவர் அவ்வாண்டின் சிறந்த புதிய வீரராகத் தெரிவுசெய்யப்பட்டார். 1969 இல் 25 வெற்றிகள் ஈட்டினார். அவ்வாண்டு அதுவரை கடைநிலைகளிற் கிடந்த மெற்ஸ், வலிமை மிக்க பால்ரிமோர் அணியை நான்குக்கு ஒன்று என்ற கணக்கில் வென்று உலகத் தொடரைக் கைப்பற்றியது. 1969, 1973, 1975 ஆகிய மூன்று ஆண்டுகளிலும் சிறந்த பந்தெறிவாளருக்குரிய சை யங் விருது சீவருக்குக் கிடைத்தது. 1968 முதல் 1976 வரை ஒன்பது பருவங்களிலும் இடையறாது இருநூறுக்கு மேற்பட்ட துடுப்பாளரைத் தம் எறிதலாலேயே ஆட்டமிழக்கச் செய்தார். அவரை நியூயோர்க் மக்கள் அணியின் ஒருவராகக் கருதவில்லை, அணியாகவே கருதினர். கேலிக்குரியதாயிருந்த ஒரு கழகத்தை மதிப்புக்குரியதாக்கியவர் என்பதே அவர்பால் அவர்கள் கொண்ட பற்றின் காரணமாகும்.

முரண்பாட்டின் தோற்றம்

கழகத்தை நிறுவிய உரிமையாளர் ஜோன் பேசன் அம்மையார் 1975 ஒக்டோபரில் காலமானார். செல்வக் குடும்பத்தவரான அவர் ஆட்டத்தின் மீதுள்ள பற்றினாலே கழகத்தை நடத்தியவர். அவருக்குப் பின் கழகத்தின் நடைமுறை அதிகாரம் அதன் தலைவரான டொனால்ட் கிராண்ட் என்பாரிடம் குவிந்தது. கிராண்ட் பங்குச் சந்தைத் தரகர். வரவு செலவுக் கணக்கே அவரது உலகம். வீரரும் நிருவாகமும் ஒரு குடும்பம் போன்றவர், குடும்பத் தலைவர் கொடுப்பதை ஏனையோர் ஏற்றல் வேண்டும் என்பது அவரது மனப்பாங்காயிருந்தது.

சீவரோ கல்லூரிக் கல்வி பெற்றவர்; மெற்ஸ் வீரர்களின் தொழிற்சங்கப் பிரதிநிதி; தம் உழைப்பின் பெறுமதியை நன்குணர்ந்தவர். இவ்விருவரின் மோதலை இரு மனிதரின் குணவேறுபாடாக மட்டும் கொள்வது பொருந்தாது. பழைய முறையும் புதிய முறையும் இரு மனிதரின் உருவில் எதிர்ப்பட்டன என்பதே பொருத்தமாகும்.

1976 வசந்தத்தில் சீவர் மூன்றாண்டு ஒப்பந்தமொன்றிற் கையொப்பமிட்டார். அதன்படி அவரது அடிப்படைச் சம்பளம் ஆண்டுக்கு 225,000 டொலர். அன்று அது பெருந்தொகை. ஆனால் அவ்வாண்டு இலையுதிர் காலத்திற் பிணிப்பற்ற வீரர்களின் முதலாவது சந்தை திறந்தது. நியூயோர்க்கின் மற்றைய கழகமான யாங்கீஸ், றெஜி ஜக்சனுக்கு ஐந்தாண்டுகளுக்கு ஏறத்தாழ முப்பது இலட்சம் டொலர் கொடுத்தது. ஒரேயொரு பருவத்தில் மாத்திரம் இருபது வெற்றி பெற்ற வெயின் கார்லண்ட் என்ற பந்தெறிவாளருக்குக் கிளீவ்லண்ட் பத்தாண்டு ஒப்பந்தத்தில் இருபத்துமூன்று இலட்சம் டொலர் வழங்கியது. அதாவது, மூன்று முறை சை யங் விருது பெற்றவரும் ஒருமுறை இருபது வெற்றி கண்டவரும் ஏறத்தாழ ஒரே ஊதியத்தினராயினர். சில மாதங்களுக்கு முன் நியாயமானதாகத் தோன்றிய ஒப்பந்தம் இப்பொழுது அநீதியாகத் தோன்றியது.

சீவரின் குறை தம் சம்பளத்தைப் பற்றியது மட்டுமன்று. அணியின் துடுப்பாட்டம் வலுவற்றிருந்தது. 1976 இல் அவர் மிகச் சிறப்பாக எறிந்தும் 14 வெற்றிகளே கிடைத்தன. 11 ஆட்டங்களில் தோல்வி கண்டார். கரி மத்தியூஸ் போன்ற துடுப்பாளரைப் புதிய சந்தையில் வாங்குமாறு அவர் பகிரங்கமாகவே வற்புறுத்தினார். கழகம் அச்சந்தையிற் பெரும் வீரர் எவரையும் வாங்கவில்லை. வெல்ல விரும்பாத ஒரு நிருவாகத்தின் கீழ் ஆடுவதே அவரது அதிருப்தியின் உள்ளீடாயிருந்தது.

ஜூன் 15

அக்காலத்தில் வீரரைக் கைமாற்றுவதற்கான இறுதி நாள் ஜூன் 15 ஆகும். அந்நாள் நெருங்க நெருங்கப் பிணக்கு பத்திரிகைகளிற் பற்றியெரிந்தது. 'டெய்லி நியூஸ்' பத்திரிகையின் செல்வாக்கு மிக்க விளையாட்டு எழுத்தாளரான டிக் யங் நிருவாகத்தின் பக்கம் நின்று, சீவரை நன்றியற்ற பேராசைக்காரராகச் சித்திரித்து வந்தார். அவருடைய மருமகன் மெற்ஸ் கழகத்திலே பணிபுரிந்தமை இங்கு குறிப்பிடத்தக்கது.

கிராண்டுடன் பேசிப் பயனில்லை எனக் கண்ட சீவர், பேசன் அம்மையாரின் மகளான லொரிண்டா டி றூலேயுடன் நேரடியாகப் பேசினார். ஒப்பந்தத்தை மேலும் சில ஆண்டுகளுக்கு உயர்ந்த சம்பளத்துடன் நீடிப்பதென்ற இணக்கம் பெரும்பாலும் எட்டப்பட்டிருந்தது. அவ்வேளையில், ஜூன் 15 ஆம் திகதிய பத்தியில், முன்னாள் மெற்ஸ் பந்தெறிவாளரான நோலன் ரயன் கூடுதலாகச் சம்பாதிப்பது சீவரின் மனைவியைப் பொறாமை கொள்ளச் செய்கின்றதென யங் எழுதினார். அணியுடன் அற்லான்ராவில் தங்கியிருந்த சீவர் இதனை அறிந்ததும் இணக்கப் பேச்சை முறித்தார். சம்பளப் பேச்சில் தம் குடும்பத்தை இழுத்த ஓரிடத்தில் இனித் தமக்கு இடமில்லை என்பதே அவர் நிலை. பணத்தாலே தீர்ந்திருக்கக்கூடிய பிணக்கு, மானப் பிரச்சினையாகியதும் தீராதொழிந்தது.

அன்றிரவே கைமாற்றம் நிறைவேறியது. சீவருக்கு ஈடாகப் பற் சக்றி என்ற பந்தெறிவாளரும், டக் பிளின், ஸ்ரீவ் ஹென்டர்சன், டான் நோர்மன் என்ற மூவரும் மெற்ஸுக்கு வந்தனர். அதே இரவில் அணியின் வலிமை மிக்க துடுப்பாளரும் சம்பளப் பிணக்கில் ஈடுபட்டிருந்தவருமான டேவ் கிங்மனும் சான் டியாகோவுக்கு அனுப்பப்பட்டார். நியூயோர்க் மக்கள் இதனை 'நள்ளிரவுப் படுகொலை' எனப் பெயரிட்டழைத்தனர். விடைபெறும்போது நிருபர்முன் பேச முற்பட்ட சீவர், இரசிகரைக் குறிப்பிட வந்த இடத்தில் நாத் தழுதழுத்துப் பேச்சற்று, சொல்ல விரும்பியதைத் தாளில் எழுதிக் கொடுத்தார்.

கைமாற்றத்திற்குச் சார்பான வாதங்கள்

நிருவாகத்தின் பக்கத்தில் நியாயமே இல்லையெனக் கொள்வது நடுநிலையாகாது. அதன் வாதங்கள் நான்காக வகுத்து நோக்கத்தக்கன.

முதலாவது, ஒப்பந்தத்தின் புனிதத்தன்மை. சீவர் வற்புறுத்தலின்றித் தாமே கையொப்பமிட்டவர். சந்தை உயரும்போது ஒப்பந்தத்தைத் திருத்தக் கோரும் வீரர், சந்தை வீழும்போது குறைந்த சம்பளத்துக்கு இசைவாரா? இவ்வினாவுக்கு எளிதில் விடையளிக்கவியலாது.

இரண்டாவது, வயது. சீவருக்கு அப்பொழுது 32 வயது. பந்தெறிவாளரின் தோள் எந்நாளும் பழுதுறலாம். ஒரு வீரரை ஓராண்டு பிந்தி இழப்பதிலும் ஓராண்டு முந்தி மாற்றுதல் நன்று என்பது பேஸ்போல் நிருவாகிகளிடையே நெடுநாள் வழங்கிவரும் முதுமொழி. கார்லண்டின் கதியும் இவ்வச்சத்துக்குச் சான்றாயிற்று. பத்தாண்டு ஒப்பந்தம் பெற்ற அவர் 1977 இலேயே தோள் உபாதைக்குள்ளாகி 19 ஆட்டங்களிற் தோற்றார். 1981 உடன் அவரது ஆட்ட வாழ்வே முடிந்தது.

மூன்றாவது, அணியின் ஒழுங்கு. ஒருவரின் அதிருப்தி ஏனையோரையும் தொற்றும். நட்சத்திர வீரருக்கு வளைந்து கொடுக்கும் கழகம் நாளை யாவருக்கும் வளையவேண்டி வரும்.

நான்காவது, மாற்றுப் பயன். ஐந்து நாளுக்கொருமுறை ஆடும் ஒருவருக்காக இளைஞர் நால்வரைப் பெறலாம். வந்தவருள் சக்றி 1976 இன் சிறந்த புதிய வீரர் விருதைப் பகிர்ந்தவர். ஹென்டர்சன் 1977 இல் அவ்விருதை ஒரேயொரு வாக்கினால் இழந்தவர். எனவே கழகம் வெறும் பதரைப் பெற்றதெனல் பொருந்தாது.

இவ்வாதங்கள் ஒவ்வொன்றும் தனித்து நோக்குகையில் வலுவுடையனவே. ஆயினும் இவை யாவும் ஒரு முன்முடிவின் மேல் எழுந்தவை: அதிருப்தியின் காரணம் வீரரிடத்தேயே உள்ளது, வீரரை அகற்றினால் அதிருப்தியும் அகலும் என்பதே அம்முன்முடிவு. அது சரியானதா என்பதனை ஒப்புமை வாயிலாகத் தெளிதல் கூடும்.

வரலாறு காட்டும் ஒப்புமைகள்

டெற்றொயிற் ரைகர்ஸ் அணியின் டெனி மக்லேன் 1968 இல் 31 வெற்றிகள் ஈட்டிய பெரும் பந்தெறிவாளர். 1970 இல் சூதாட்டத் தொடர்பு காரணமாக ஆணையாளரால் ஆட்டத்திலிருந்து தற்காலிகமாக விலக்கப்பட்டார். அவ்வாண்டிலேயே வேறு ஒழுங்கீனங்களுக்காகவும் தண்டிக்கப்பட்டார். அவ்விலையுதிர் காலத்தில் டெற்றொயிற் அவரை வாஷிங்டனுக்குக் கைமாற்றி, ஜோ கோல்மன் என்ற பந்தெறிவாளரையும் பிரிங்மன், றொட்றிகஸ் ஆகிய களத்தடுப்பாளர்களையும் பெற்றது. 1971 இல் மக்லேன் 22 ஆட்டங்களிற் தோற்றார். கோல்மன் 20 ஆட்டங்களில் வென்றார். 1972 இல் டெற்றொயிற் தன் பிரிவில் முதலிடம் பெற்றது. இக்கைமாற்றம் அறிவுடைமையானது. ஏனெனில் கேட்டின் ஊற்று வீரரிடமே இருந்தது. அவருடன் அதுவும் நீங்கியது.

சென் லூயிஸ் கழகத்தின் ஸ்ரீவ் கார்ல்ரன் கதை இதற்கு மறுதலையானது. 1971 இல் 20 வெற்றிகள் கண்ட அவர் அடுத்த ஆண்டுச் சம்பளத்திற் சில ஆயிரம் டொலர் கூடுதலாகக் கேட்டார். சினமுற்ற உரிமையாளர் 1972 பெப்ரவரியில் அவரைப் பிலடெல்பியாவுக்கு மாற்றினார். அவ்வாண்டு கடைசி இடத்தைப் பெற்ற பிலடெல்பியாவின் 59 வெற்றிகளில் 27 கார்ல்ரனுடையவை. அவர் தம் ஆட்ட வாழ்வில் 329 வெற்றிகளும் நான்கு சை யங் விருதுகளும் பெற்றார். இங்கு கார்ல்ரனிடம் கேடு எதுவுமிருக்கவில்லை. ஊதியம் பற்றிய கருத்து வேறுபாடொன்றே இருந்தது. அதனைப் பணிவின்மையாகக் கண்டதே கழகத்தின் பிழை.

மெற்ஸ் கழகத்திற்கே இத்தகைய பட்டறிவு உண்டு. 1971 டிசம்பரில் அது நோலன் ரயனைக் கலிபோர்ணியா ஏஞ்சல்ஸ் கழகத்திற்கு மாற்றியது. 1973 இல் அவர் 383 துடுப்பாளரை எறிதலால் ஆட்டமிழக்கச் செய்து நவீன காலத்தில் ஒரு பருவத்துக்குரிய புதிய உச்சத்தை நிலைநாட்டினார்.

இம்மூன்றினின்றும் ஓர் அளவுகோல் பெறப்படுகின்றது. அதிருப்தியின் காரணம் வீரரின் நடத்தையில் இருக்குமாயின் கைமாற்றம் மருந்தாகும். காரணம் ஊதிய முறையிலோ நிருவாகத்தின் போக்கிலோ இருக்குமாயின், கைமாற்றம் நோயாளியை வெளியேற்றி நோயை வீட்டில் வைத்துக்கொள்வதாகும். சீவரின் நடத்தையிலோ ஆட்டத்திலோ குறை கண்டவர் எவருமிலர். 1977 இல் பிணக்கு முற்றியிருந்த நாட்களிலும் அவர் மெற்ஸுக்காக ஏழு ஆட்டங்களில் வென்று மூன்றிலேயே தோற்றிருந்தார். ஒழுங்கு பற்றிய வாதம் இதனாலே வலுவிழக்கின்றது. ஒப்பந்தத்தின் புனிதம் பற்றிய வாதத்திற்கும் வரையறை உண்டு. ஒப்பந்தத்தை மீற அவர் முயலவில்லை. மீளப் பேசவே கேட்டார். மேலும், தலைமுறை தலைமுறையாக ஒருதலையான விதியால் வீரரைப் பிணித்தவர் ஒப்பந்தத்தின் புனிதத்தைப் போற்றுவது முழுதும் நேர்மையான வாதமெனக் கொள்ளற்கரியது. இன்னும் நோக்கின், 1967 முதல் ஒரே கழகத்தில் ஆடிவந்த சீவர் 1973 உடன்படிக்கையின் வரையறைக்குள் வந்தவர். அவரது இசைவு தேவைப்பட்டமையால் கழகம் எல்லாச் சந்தையிலும் பேரம் பேசக்கூடிய நிலையிலில்லை. இறுதி நாளின் நெருக்கடியில் விற்பவன் நல்ல விலை பெறுவதில்லை என்பது கிராண்டின் தொழிலான பங்குச் சந்தையிலும் பாலபாடமன்றோ?

விளைவுகள்

1977 இல் மெற்ஸ் 98 ஆட்டங்களிற் தோற்றுப் பிரிவிற் கடைசி இடம் பெற்றது. 1978, 1979 ஆகிய ஆண்டுகளிலும் அதே இடம். 1970 இல் 2,697,479 ஆக உச்சமுற்றிருந்த பார்வையாளர் தொகை 1976 இலேயே 1,468,754 ஆகக் குறைந்திருந்தது. ஆகவே வீழ்ச்சி முழுவதையும் கைமாற்றத்தின்மேற் சுமத்துதல் தவறு. ஆயினும் 1979 இல் அத்தொகை 788,905 ஆயிற்று. வெறிச்சோடிய ஷே அரங்கினை இரசிகர்கள் 'கிராண்டின் கல்லறை' என்றனர். முன்னாள் ஜனாதிபதி கிராண்டின் நினைவு மண்டபம் அப்பெயராலேயே நியூயோர்க்கில் வழங்குவது கருதத்தக்கது. 1978 பருவத்தின் பின் கிராண்ட் பதவியிழந்தார். 1980 ஜனவரியில் பேசன் குடும்பத்தினர் கழகத்தை இரண்டு கோடியே பத்து இலட்சம் டொலருக்குச் சற்றுக் கூடுதலான விலைக்கு விற்று விலகினர்.

சீவர் 1977 இன் எஞ்சிய பகுதியில் சின்சினாற்றிக்காக 14 ஆட்டங்களில் வென்று மூன்றிலே தோற்றார். ஓகஸ்ட் 21 இல் ஷே அரங்கிற்கு எதிரணி வீரராக வந்து தம் பழைய அணியை ஐந்துக்கு ஒன்று எனத் தோற்கடித்தபோது, நாற்பத்தாறாயிரத்துக்கு மேற்பட்ட நியூயோர்க் மக்கள் அவருக்கே ஆரவாரித்தனர். 1978 ஜூன் 16 இல், எதிரணி ஓர் அடிதானும் பெறாத ஆட்டமொன்றையும் அவர் எறிந்தார். சின்சினாற்றியில் ஆறு பருவங்களிற் பெற்ற வெற்றிகள் 75.

எனினும் சின்சினாற்றியின் இலாபமும் முழுமையானதன்று. 1975, 1976 ஆகிய ஆண்டுகளில் உலகத் தொடரை வென்றிருந்த அக்கழகம் சீவர் இருந்த காலத்தில் ஒருமுறையேனும் அதனை வெல்லவில்லை. 1981 இல் யாவரிலும் கூடிய வெற்றி விகிதம் பெற்றும், வீரர் வேலைநிறுத்தத்தால் பருவம் இரண்டாகப் பிரிக்கப்பட்டமையால் இறுதிச் சுற்றுக்கே செல்ல முடியாது போயிற்று. ஒரு கைமாற்றத்தில் ஒருவரின் நட்டம் மற்றவரின் இலாபத்துக்குச் சமமாதல் வேண்டுமென்ற விதியில்லை என்பதனை இது காட்டுகின்றது.

ஈடாக வந்த நால்வரும் 1982 ஆம் ஆண்டு முடிவதற்குள் நியூயோர்க்கை நீங்கியிருந்தனர். அவருட் கடைசியாகச் சக்றி சென்ற அதே டிசம்பர் மாதத்தில், புதிய உரிமையாளர் சீவரை மீண்டும் மெற்ஸுக்குக் கொணர்ந்தனர். ஆனால் 1984 ஜனவரியில், பிணிப்பற்ற வீரரை இழந்த கழகங்களுக்கு ஈடுசெய்யும் ஏற்பாட்டின் கீழ் கழகம் தயாரித்த பாதுகாப்புப் பட்டியலில் அவர் பெயர் இடம்பெறவில்லை. 39 வயதானவரை எவர் கேட்பார் என்ற கணிப்பே காரணம். சிக்காகோ வைற் சொக்ஸ் கேட்டது. சீவர் மறுபடியும் பறிபோனார். முதன்முறை வன்மத்தால் இழந்தவரை இரண்டாம் முறை அசட்டையால் இழந்தது கழகம். 1985 ஓகஸ்ட் 4 இல் சீவர் தம் 300 ஆவது வெற்றியை நியூயோர்க்கிலேயே, ஆனால் யாங்கீஸ் அரங்கில், சிக்காகோ சீருடையில் பெற்றார். 311 வெற்றிகளுடன் ஓய்வுபெற்ற அவர் 1992 இல், அதுவரை எவரும் பெற்றிராத 98.84 சதவீத வாக்குகளுடன் புகழ் மண்டபத்திற்குத் தெரிவானார். 2020 ஓகஸ்ட் 31 இல் காலமானார். 2022 இல் மெற்ஸ் கழகம் தன் புதிய அரங்கின் முன் அவருக்குச் சிலை எழுப்பியது.

முடிவுரை

மேற்கூறியவற்றால், நட்சத்திர வீரரைக் கைமாற்றுதல் எக்காலத்தும் தவறென்றோ எக்காலத்தும் கழகத்தின் உரிமையென்றோ பொதுவிதி கூறவியலாது என்பது பெறப்படும். மக்லேனை மாற்றியது சரி. கார்ல்ரனையும் சீவரையும் மாற்றியது பிழை. வேறுபாடு வீரரின் திறமையிலன்று, அதிருப்தியின் வேரிலே உள்ளது. மெற்ஸ் கழகத்தின் தவறு நான்கு வீரருக்கு ஒருவரைக் கொடுத்த கணக்கிலன்று. 1975 இன் தீர்ப்போடு உழைப்பின் விலையும் உழைப்பவனின் நிலையும் மாறிவிட்டன என்பதை உணர மறுத்து, அம்மாற்றத்தின் குரலை ஒரு மனிதனின் பேராசையாகக் கேட்டதிலேதான் உள்ளது.

வீரர்களின் சராசரிச் சம்பளம் 1976 இல் ஏறத்தாழ 51,000 டொலராகவும் 1980 இல் ஏறத்தாழ 143,000 டொலராகவும் இருந்தது. சீவர் கேட்டது நான்கே ஆண்டுகளில் யாவருக்கும் வழமையாயிற்று. அவரை வெளியேற்றியதால் அம்மாற்றம் ஒருநாள்தானும் தடைப்படவில்லை. வெறுமையானவை அரங்கின் இருக்கைகளே. மாறுங் காலத்தை முதலில் உணர்ந்து பேசுபவன் எந்நிறுவனத்திலும் குழப்பக்காரனாகவே தோன்றுவான். அவனை அகற்றுவதா, அவன் சொல்வதை ஆராய்வதா என்பதே ஒவ்வொரு நிருவாகத்தின் முன்னும் நிற்கும் வினாவாகும். 1977 ஜூன் 15 இன் இரவு அவ்வினாவுக்கு அளிக்கப்பட்ட பிழையான விடைகளுள் ஒன்று.